நான்காம் சுற்றில் ரியோ இலை

கல்லூரியில் என் பட்டப்பெயர் உருளைக்கிழங்கு. உருவத்தைப் பார்த்து வைத்ததாக என் மனைவி சொல்வாள். சவ்வூடு பரவல் சோதனையால் வந்த பெயர் என்று நான் வாதாடுவேன். தோல் சீவிய கிழங்கில் குழி தோண்டி, சர்க்கரைக் கரைசல் ஊற்றி, குண்டூசியால் மட்டம் குறித்து, தண்ணீர்த் தட்டில் உட்கார வைப்போம். தட்டுத் தண்ணீர் கிழங்கின் செல் சவ்வுகளைத் தாண்டி உள்ளே போகும், குழிக்குள் மட்டம் ஏறும். உப்பங்கரைக் கல்லூரியில் இருபத்து நான்கு வருடமாக அது ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. நான் ஏறவில்லை. சேரும்போது உதவிப் பேராசிரியர். இப்போதும் உதவிதான்.

உண்மையில் மட்டம் ஏறியதை நான் பார்த்தே வெகுகாலம் ஆகிவிட்டது. சோதனைக்கு ஒன்றரை மணி நேரம் வேண்டும், வகுப்போ ஐம்பது நிமிடம். அதனால் எங்கள் துறையில் ஒரு வழக்கம் உண்டு, அதன் பெயர் போர்டு ரீடிங். வரவேண்டிய அளவுகளை நான் கரும்பலகையில் எழுதிவிடுவேன், பிள்ளைகள் ரெக்கார்டு நோட்டில் அழகாக எழுதி, படம் வரைந்து, பென்சிலால் நிழல் கொடுப்பார்கள். யாருடைய அளவாவது பலகையோடு ஒத்துப்போகாவிட்டால் சிவப்பு மையில் குறுக்கே கோடு போட்டு, 'தவறு. திருத்தி எழுதுக' என்று எழுதுவேன். மதிப்பெண் எல்லாருக்கும் இருபதுக்குப் பத்தொன்பது. அந்த ஒன்றைத் தலைக்கனம் வராமலிருக்கக் குறைப்பேன்.

எனக்கு முன்னால் இருந்தவரும் இப்படித்தான். அவருக்கு முன்னால் இருந்தவரைப் பற்றித் தெரியாது, ஆனால் கரும்பலகை மிகப் பழையது.

இரண்டு வருடத்துக்கு முன் தலைநகரிலிருந்து உள்துறை அதிகாரி ஒருவர் வந்தார். காட்டன் சேலை, மெல்லிய குரல். கையில் ஒரு சின்னக் குப்பி.

"லத்தி வேண்டாம், கண்ணீர்ப்புகை வேண்டாம், துப்பாக்கி வேண்டவே வேண்டாம் சார்" என்றார். "இதுக்குப் பேர் உலர்நீர். தோல்ல பட்டா அஞ்சு நிமிஷம் செல் சவ்வுல இருக்கிற கதவெல்லாம் திறந்துக்கும். உள்ள இருக்கிற தண்ணி வெளிய வந்துடும். ஆள் வாடின கீரை மாதிரி உக்காந்துடுவான். அப்புறம் இன்னொரு வண்டியிலேர்ந்து மீட்புநீர் அடிப்போம். அரை மணியில எழுந்து வீட்டுக்குப் போயிடலாம்."

"ஒரே ஆள் மேல திரும்பத் திரும்பப் பட்டா?"

"அதைத்தான் உங்க காலேஜ் சொல்லப்போகுது."

மனிதர்கள் மேல் ஒரு முறை அடித்துப் பார்த்தாயிற்று, எழுந்துவிட்டார்களாம். பலமுறை அடிக்க அனுமதி இல்லை. எலிக்குக்கூட ஒரு குழுவிடம் கையெழுத்து வாங்க வேண்டும். இலை கோர்ட்டுக்குப் போகாது. ஆகவே அடிப்பக்கம் ஊதாவாக இருக்கும் ரியோ இலையை உரித்து, உலர்நீரில் சுருங்கவைத்து, நல்ல தண்ணீரில் மீட்டு, மறுபடி சுருக்கி, இப்படிப் பன்னிரண்டு சுற்று. முதலாம் ஆண்டு மாணவர்கள் நாற்பது பேர், நாற்பது நோட்டு.

முதல் சுற்றைச் சத்தியமாகச் செய்தோம். நுண்ணோக்கியின் கீழே செல்லுக்குள் ஊதாச் சாறு சுவரை விட்டு விலகிச் சுருண்டது, தண்ணீர் விட்டதும் பொம்மென்று பழையபடி நிறைந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். இரண்டாவது சுற்றில் மணி அடித்தது. மீதியை நான் பலகையில் எழுதினேன். பன்னிரண்டு சுற்றிலும் முழு மீட்சி. ஒரே ஒரு நோட்டில் மட்டும் வேறு என்னமோ எழுதியிருந்தது. சிவப்பு மையால் அடித்துக் கொடுத்தேன், திருத்தி வந்தது. யாருடையது என்று பெயரைப் பார்க்கவில்லை.

இவ்வளவு ஒத்துப்போகும் முடிவுகளைக் கண்டதே இல்லை என்று உள்துறையிலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. ஆய்வகத்துக்கு இரண்டு மின்விசிறி கிடைத்தது. ஒன்று இன்னமும் ஓடுகிறது.

எங்கள் ஊரில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை ஒன்று இருக்கிறது. குடிநீர் குழாயில் வெளியூருக்குப் போகும், வடிகட்டிய உப்புக் கழிவு எங்கள் கிணற்றுப் பக்கம் வரும். இந்தப் பங்குனியில் தெருக்கிணறுகள் எல்லாம் கரித்துவிட்டன. உப்பளத்துப் பெண்கள் குடங்களோடு ஆலை வாசலில் போய் உட்கார்ந்தார்கள். எங்கள் பிள்ளைகள் அவர்களோடு உட்கார்ந்தார்கள். குடிக்கத் தண்ணீர் கேட்டவர்கள் மேல்தான், சோதனைக்கு வெளியே, உலர்நீர் முதன்முதலாக அடிக்கப்பட்டது.

நான் பேருந்து நிறுத்தக் கூரையில் நின்று பார்த்தேன். (ஏறியது வீரத்தால் அல்ல, மிதிபட்டுவிடுவேன் என்ற பயத்தால்.) நீல வண்டியிலிருந்து வெள்ளைத் தாரை வந்தது. முன்வரிசை அப்படியே மடிந்தது. உதடுகள் சுருங்கிப் பல் வெளியே தெரிந்தது. ஒருத்தி தன் நாக்கையே கடித்துக்கொண்டு ரத்தம் துப்பினாள். லத்தி வேண்டாம் என்றுதான் அதிகாரி சொன்னார். அதை லத்திகளிடம் யாரும் சொல்லவில்லை. விழுந்து கிடந்தவர்களின் முழங்காலில் அடி விழுந்தது, காய்ந்த மட்டை முறிகிற சத்தம் கேட்டது. பிறகு பச்சை வண்டி வந்து மீட்புநீர் அடித்தது. அரை மணியில் எழுந்தார்கள், முழங்கால் போனவர்களைத் தவிர.

நாலு நாள் கழித்து இரண்டாம் முறை. அடுத்த வெள்ளிக்கிழமை காலை மூன்றாம் முறை. அன்று ஒரு கிழவர் எழுந்திருக்கவில்லை. வயசாகிவிட்டது என்றார்கள்.

அன்று மத்தியானம் ஆலை வாசல் வழியாக வந்தேன். எங்கள் மூன்றாம் ஆண்டு மாணவி இசக்கியம்மாள், அம்மாவும் சித்தியும் உப்பளத்தில் உப்பு வாருகிறவர்கள், ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பயப்படாதீங்க அக்கா. பன்னெண்டு தடவ வரைக்கும் ஒண்ணும் ஆவாது. எங்க காலேஜ்லதான் சோதிச்சாவ. நானே அந்த வகுப்புல இருந்தேன். திங்கக்கிழம எல்லாரும் பிள்ளையளக் கூட்டிக்கிட்டு வாங்க. எத்தன தடவ அடிக்காவன்னு பாப்போம்."

கூட்டம் சிரித்தது. ஒருத்தி, "பன்னெண்டுக்கு அப்புறம் நம்ம கருவாடா விக்கலாம்ட்டி" என்றாள்.



சனிக்கிழமை காலை ஆய்வகத்தைத் திறந்தேன். இரண்டு வருடத்துக்கு முன் மிஞ்சிய குப்பி அலமாரியில் இருந்தது. தொட்டி ரியோவிலிருந்து இலை பறித்து, பிளேடால் உரித்து, வாழ்க்கையில் முதல் முறையாக மணி அடிக்காத ஒரு சோதனை செய்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றிலும் செல்கள் மீண்டன, கொஞ்சம் சோம்பலாக. நான்காவது சுருக்கம் முடிந்து தண்ணீர் விட்டேன். ஒரு நொடி நிறைந்தது போலிருந்தது. பிறகு சவ்வு கிழிந்து ஊதா வெளியே வழிந்தது, ஒவ்வொரு செல்லாக, வரிசையாக. கண்ணாடித் துண்டு முழுக்க ஊதா.

எட்டு இலை செய்தேன். எட்டும் அப்படித்தான். ஒன்று கவனித்தேன். நான்காம் சுற்றில் கொல்வது உலர்நீர் அல்ல, மீட்புநீர்தான். நைந்துபோன சவ்வு நல்ல தண்ணீர் ஒரேயடியாக உள்ளே பாய்வதைத் தாங்காமல் வெடிக்கிறது. ஒன்பதாவது இலைக்கு நல்ல தண்ணீருக்குப் பதில் லேசான உப்புத் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். பாதி செல்கள் மெதுவாக மீண்டன.

கல்லூரி முதல்வர் வீட்டுக்கு ஓடினேன். அவர் முழுதும் கேட்டுவிட்டு, "திங்கள்கிழமை பதினொரு மணிக்குத் துறைக்கூட்டம் போடலாம், எழுத்து மூலமாகக் கொடுங்கள்" என்றார். சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு அதைக் கேட்டு நிம்மதியாகக்கூட இருந்தது. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து எழுதினேன். இசக்கி வீடு ஒன்றரைக் கிலோமீட்டர். போகவில்லை. என்ன சொல்வது என்று தெரியவில்லை, அதனால் எழுத்துப்பிழை திருத்திக்கொண்டிருந்தேன்.

திங்கள்கிழமை ஒன்பது மணிக்கே ஆலைப் பக்கம் கூட்டம் கூடிவிட்டதாகக் கேள்விப்பட்டதும் ஸ்கூட்டரை எடுத்தேன். இலை உரிக்கிற பிளேடு சட்டைப்பையில் அப்படியே இருந்தது.

ஆலை வாசலில் இன்ஸ்பெக்டர் சுடலைமுத்து நின்றான். என் பழைய மாணவன், பி.எஸ்சி. தாவரவியல். என்னைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினான்.

"வாங்க சார். வெயில்ல எதுக்கு அலையுதிய?"

"சுடல, இன்னைக்கு அடிக்காதப்பா. நாலாவது தடவ தாங்காது. செத்துப்போவாங்க."

"பன்னெண்டு தாங்கும்னு உங்க காலேஜ் பேப்பர்லதான சார் இருக்கு. லேமினேட் பண்ணி வண்டியிலயே ஒட்டிருக்கம். உங்க கையெழுத்து, பாருங்க."

பார்த்தேன். நல்ல கையெழுத்து.

"அது போர்டு ரீடிங்ப்பா" என்றேன்.

அவனுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. முகம் மாறியது. கடல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"அப்ப எனக்குப் போட்ட பத்தொம்பது?"

"எல்லாருக்கும் பத்தொம்பதுதான்."

"நான் நல்லா எழுதுனேன்னுல்லா நெனச்சிருந்தேன்" என்றான். வருத்தமாகத்தான் சொன்னான்.

அவன் கையைப் பிடித்துப் புறங்கைத் தோலைக் கிள்ளி விட்டேன். கிள்ளிய மடிப்பு இஸ்திரி போட்டது போல அப்படியே நின்றது. மூன்று முறையும் தாரைக்குப் பக்கத்தில் நின்றவன் அவன். சாரல் பட்டிருக்கிறது.

"ஒனக்கும் மூணு ஆயிருக்கு சுடல."

சட்டைக் கையை இழுத்து மடிப்பை மூடினான். "மேல இருக்கவுங்ககிட்ட என்னன்னு சார் சொல்ல? எங்க சார் காப்பியடிக்கச் சொன்னாருன்னா? பத்து மணிக்கு வாசல் கிளியர் ஆவணும். கூட்டத்தப் போவச் சொல்லுங்க, நான் ஏன் அடிக்கப்போறேன்?"

மணி ஒன்பது ஐம்பது. கூட்டத்துக்குள் ஓடினேன். ஓடினேன் என்பது என் கணக்கு, பார்த்தவர்கள் உருண்டேன் என்பார்கள். இசக்கி நடுவில் நின்றாள். இடுப்பில் குழந்தை வைத்திருந்த பெண்கள் நாலைந்து பேர் அவளைச் சுற்றி.

"இசக்கி, எல்லாரையும் வெளியேத்து. பன்னெண்டு இல்ல, மூணுதான். நாலாவதுல செல் வெடிக்குது. நான் செஞ்சு பாத்தேன்."

அவள் என்னையே பார்த்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன்.

"அப்ப என் ரீடிங் சரிதானா சார்?"

"எது?"

"மொத வருசம். நான் சாப்பாட்டு நேரத்துல தனியா உக்காந்து முழுசா செஞ்சேன். நாலாவதுல ஊதா வெளிய வந்துச்சு. அப்படியே எழுதுனேன். நீங்க தவறுன்னு போட்டிய." குரல் ஒருசீராகவே இருந்தது. "நான் இலையச் சரியா உரிக்கலன்னு நெனச்சேன் சார். இத்தன நாளும் எல்லாருக்கும் உங்க கணக்கத்தான் சொன்னேன்."

நான் கைக்கடிகாரத்தைக் காட்டினேன்.

அவள் ஒலிபெருக்கியை எடுத்தாள். "நான் சொன்னது தப்பு. எல்லாரும் எந்திச்சுப் போங்க. பிள்ளைய வச்சிருக்கவுக மொதல்ல. ஓடாதீக."

ஓடாதீர்கள் என்றதும் ஓடினார்கள். பின்னால் இருந்தவர்களுக்குக் கேட்கவில்லை, அவர்கள் முன்னால் தள்ளினார்கள். தள்ளுமுள்ளில் இரும்புத் தடுப்பு சாய்ந்து ஒரு காவலரின் பாதத்தில் விழுந்தது. அவர் அலறினார். யாரோ கல்லெறிந்தார்கள், ஒரு கல் நீல வண்டியின் கண்ணாடியை உடைத்தது. சுடலைமுத்து கையை உயர்த்தினான். நிறுத்தச் சொல்லித்தான் உயர்த்தினான் என்று நான் இன்றும் நம்புகிறேன். வண்டியில் இருந்தவர்களுக்கு உயர்ந்த கை என்றால் ஒரே அர்த்தம்தான்.

வெள்ளைத் தாரை முழு வேகத்தில் வந்தது. எனக்கு அதுதான் முதல் தடவை. உடம்பில் உள்ள கிணறு எல்லாம் ஒரே நேரத்தில் வற்றுவது போலிருந்தது. இமை கண்ணோடு ஒட்டிக்கொண்டது. முழங்காலில் விழுந்தேன். எனக்கு முன்னால் ஒருத்தியின் கன்னம் வெடித்துப் பிளந்தது. கூட்டத்தின் மேல் காலணிகள் ஏறி ஓடின. ஒரு விரல் நொறுங்கிய சத்தம் கேட்டது. யாருடையது என்று பார்த்தேன், என்னுடையது. அதே நேரம் கடலிலிருந்து காற்று திரும்பியது. வெள்ளைப் புகை மாதிரி சாரல் காவலர் வரிசை மேல் போய் இறங்கியது. அவர்களும் மடிந்தார்கள்.

அப்போது பச்சை வண்டி நகர்ந்து வந்தது. மீட்புநீர்.

முதல் வீச்சு எங்கள் இடப்பக்கம் விழுந்தது. நனைந்தவர்கள் அரை நொடி பெருமூச்சு விட்டார்கள், பிறகு அலறத் தொடங்கினார்கள். தோல் கொப்புளம் கொப்புளமாக எழும்பி உடைந்தது. மூக்கிலும் காதிலும் ரத்தம். கண்ணாடித் துண்டில் பார்த்த அதே வரிசை, ஒவ்வொருத்தராக. வீச்சின் ஓரம் இசக்கியின் மேல் பட்டது.

எனக்கு முதல் சுற்றுதான், கை கால் கொஞ்சம் கேட்டது. தவழ்ந்து போய் பச்சை வண்டியின் ரப்பர் குழாயில் பிளேடை வைத்து அறுத்தேன். இலை உரிக்க வாங்கிய பிளேடு, இரண்டு ரூபாய். குழாய் பிய்த்துக்கொண்டு நல்ல தண்ணீரெல்லாம் மணலில் கொட்டியது. ஒரு காவலர் என் இடது கையில் லத்தியால் மூன்று அடி அடித்தார். எலும்பு இரண்டாவது அடியிலேயே போய்விட்டது, மூன்றாவது அவருடைய திருப்திக்காக. அவரைக் குறை சொல்லமாட்டேன். விழுந்து கிடக்கிறவர்களுக்குத் தண்ணீர் போகாமல் தடுக்கிறவனை யாராக இருந்தாலும் அடிப்பார்கள்.

"நல்ல தண்ணி ஊத்தாதீங்க. கெணத்துத் தண்ணி, கரிச்ச தண்ணி, கொஞ்சம் கொஞ்சமா" என்று கத்தினேன். தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது.

இசக்கியின் அம்மா பின்வரிசையில் இருந்ததால் தப்பியவள். மகளிடம் ஓடி வந்தவளுக்கு அது காதில் விழுந்தது. எந்தக் கிணறு பாழாகிவிட்டதென்று போராட வந்தார்களோ அதே கிணற்றிலிருந்து உப்பளத்துப் பெண்கள் குடம் குடமாகச் சுமந்து வந்து, துணியில் நனைத்துப் பிழிந்து விட்டார்கள். அப்படித் தண்ணீர் விடப்பட்டவர்களில் பாதிக்கு மேல் பிழைத்தார்கள்.

பத்தடி தள்ளி சுடலைமுத்து கிடந்தான். இரண்டு காவலர்கள் அவன் தலையை மடியில் வைத்து, அன்போடு, மினரல் வாட்டர் பாட்டிலைத் திறந்து முகத்தில் ஊற்றினார்கள். வேண்டாம் என்று நான் கையை ஆட்டினேன். உடைந்த கை, ஆடவில்லை. அவன் கண் என்னைத் தேடியது போலிருந்தது. பிறகு கண்ணின் வெள்ளை சிவந்து வழிந்தது.

பதினேழு பேர். அதில் நாலு பேர் சீருடையில்.

நான் இப்போது சஸ்பெண்டில் இருக்கிறேன். விசாரணை ஆணையத்தில் இரண்டு நாள் என்னைக் கேட்டார்கள். நாற்பது நோட்டையும் மேசையில் அடுக்கிவைத்து, இத்தனை பேருக்கும் ஒரே அளவு எப்படி வந்தது என்றார்கள். அந்தக் கேள்வி முப்பத்தொன்பது நோட்டுக்கு. நாற்பதாவது நோட்டில், சிவப்புக் கோட்டுக்குக் கீழே, பதினெட்டு வயதுக் கையெழுத்தில் 'நான்காவது சுற்றில் செல்கள் மீளவில்லை. ஊதா நிறம் வெளியேறியது' என்று இருந்தது. அடுத்த பக்கத்தில் அதே கையெழுத்து, என் அளவுகளோடு. சிவப்பு மை யாருடையது என்று வக்கீல் கேட்டார். என்னுடையது என்றேன். இருபத்து நான்கு வருடத்தில் நான் பலகையைப் பார்க்காமல் எழுதிய முதல் விடை.

இசக்கிக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். எனக்கு வேலை இல்லாததால் கூட்டிப்போகிற பொறுப்பை எடுத்துக்கொண்டேன். முதல் நாள் அவள் அம்மா என் முகத்தில் துப்பினாள். இரண்டாம் நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இப்போது தூக்குவாளியில் எனக்கும் சேர்த்துக் கஞ்சி தருகிறாள், உப்பு அதிகமாக. வேண்டுமென்றே போடுகிறாள் என்று நினைக்கிறேன். குடித்துவிடுகிறேன்.

போன வியாழக்கிழமை மெஷின் ஓடிக்கொண்டிருந்தபோது இசக்கி குழாயைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"இதும் நம்ம ப்ராக்டிகல்தான சார். நடுவுல சவ்வு. அந்தப் பக்கம் ரத்தம், இந்தப் பக்கம் கரைசல். கழிவு பரவி வெளிய போவுது."

"ஆமா."

"இதுக்கு போர்டு ரீடிங் இருக்கா?"

"இல்லம்மா. நர்ஸ் ஒவ்வொரு தடவையும் பாத்துத்தான் எழுதுதாங்க."

"நல்லவேள" என்று சிரித்தாள். உதடு இன்னும் சரியாக ஆறவில்லை, சிரித்தால் வலிக்கும். பைக்குள்ளிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள். ஆணையத்தில் வாங்கிய, அவளுடைய நோட்டுப் பக்கத்தின் நகல். சிவப்புக் கோடு அதில் கறுப்பாக விழுந்திருந்தது.

"மார்க் போடுங்க சார். திருத்தி."

வலது கையில் நொறுங்கிய விரல் வேலை செய்யாது. மெதுவாக, 'தவறு' என்ற சொல்லை அடித்தேன். பக்கத்தில் 'சரி' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, இருபதுக்கு இருபது போட்டேன்.

அவள் வாங்கி ஒருமுறை முழுதாகப் படித்துப் பார்த்தாள். பேனாவை என்னிடமிருந்து எடுத்து, இருபதை அடித்துப் பத்தொன்பது என்று எழுதினாள்.

"வெப்பநிலை குறிக்க மறந்துட்டேன் சார்" என்றாள். "அதையும் நீங்க பாக்கல."